அடுத்த திங்கட்கிழமைக்காக ஆடுபவர்கள்: டென்னிஸ் தரவரிசையின் கீழ்த்தட்டைப் பின்தொடர ஒரு தொடக்கம்

சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்தில் சாலஞ்சர் போட்டி, அதாவது தொலைக்காட்சியில் வரும் பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ள போட்டி, நடக்கும்போது, தகுதிச்சுற்று நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சென்டர் கோர்ட் வேண்டாம், பக்கத்துக் கோர்ட் ஏதாவது ஒன்றில் உட்காருங்கள். பார்க்க வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். அதிலும் பாதிப் பேர் தோளில் மட்டைப் பை தொங்கும், அவர்களும் ஆட வந்தவர்கள்தான். அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது செட்டில் தோற்ற ஒருவர் வலையருகே கை கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் சாய்ந்தார். மட்டையை வீசவில்லை, யாரையும் திட்டவில்லை. வியர்வையைக்கூடத் துடைக்காமல் மொபைலை எடுத்தார். நான் பின்னாலேயே இரண்டாவது படியில் இருந்ததால் திரை தெரிந்தது. அடுத்த வாரப் போட்டியின் என்ட்ரி லிஸ்ட். தன் பெயரைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போனார். ரொம்பக் கீழே தள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பட்டியலில் பெயர் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு எண்தான்: தரவரிசை. தொலைக்காட்சியில் ஜோகோவிச்சையும் அல்கராஸையும் மட்டும் பார்ப்பவர்களுக்கு அது வெறும் கௌரவம். 100-க்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுதான் நுழைவுச்சீட்டு, விமான டிக்கெட், சாப்பாடு எல்லாமே. இந்தக் கணக்கு ஒருமுறை பிடிபட்டுவிட்டால், துனிசியாவில் யாருமே பார்க்காத ஒரு முதல் சுற்று ஆட்டத்தின் ஸ்கோரை நடுராத்திரியில் மொபைலில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்புகளான ஏடிபி ஆண்களுக்கு 1973-லும் டபிள்யூடிஏ பெண்களுக்கு 1975-லும் கணினித் தரவரிசையைத் தொடங்கின. விதி அடிப்படையில் எளிமையானது. ஒரு போட்டியில் எந்தச் சுற்று வரை போகிறீர்களோ அதற்கேற்பப் புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளி 52 வாரம் உங்கள் கணக்கில் இருக்கும், அப்புறம் காணாமல் போய்விடும். ப்ரீபெய்டு ரீசார்ஜ் மாதிரிதான், வேலிடிட்டி ஓராண்டு. திங்கட்கிழமைதோறும் எல்லாருடைய மீதியையும் கூட்டி வரிசைப்படுத்தி வெளியிடுவார்கள். ஓராண்டில் எத்தனை போட்டி ஆடினாலும், அதில் சிறந்த 18 அல்லது 19 முடிவுகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்தப் போட்டிக்கு எத்தனை புள்ளி என்பதைப் பெரும்பாலும் பெயரே சொல்லிவிடும். மாஸ்டர்ஸ் 1000 வென்றால் 1000. ஏடிபி 500-க்கு 500, 250-க்கு 250. கிராண்ட்ஸ்லாம் மட்டும் 2000. இவை தொலைக்காட்சியில் வருபவை. இதற்குக் கீழே சாலஞ்சர் போட்டிகள்: 50, 75, 100, 125, 175 என்று பல அளவுகளில். அதற்கும் கீழே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, அதாவது ஐடிஎஃப் நடத்தும் எம்25, எம்15. பெண்களுக்கு டபிள்யூ15, டபிள்யூ35 என்று தொடங்கி டபிள்யூ100 வரை. ஒரு வித்தியாசம் உண்டு. ஆண்களில் ஒரே ஒரு புள்ளி எடுத்தாலும் பட்டியலில் பெயர் வந்துவிடும். பெண்களில் மூன்று போட்டிகளிலாவது புள்ளி எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தம் 10 புள்ளியாவது இருக்க வேண்டும்.

எம்15-ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லாக் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. 15 என்பது வெற்றியாளருக்குக் கிடைக்கும் புள்ளி. மொத்தப் பரிசுத் தொகையும் 15 ஆயிரம் டாலர்தான். பிரதான சுற்றில் 32 பேர். முதல் ஆட்டத்தில் தோற்றால் புள்ளி பூஜ்யம், கையில் 156 டாலர். ஓர் ஆட்டம் ஜெயித்து அடுத்ததில் தோற்றால் 1 புள்ளி. காலிறுதியில் தோற்றால் 2, அரையிறுதியில் 4, இறுதியில் 8. ஐந்து ஆட்டமும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினால் 15 புள்ளி, சுமார் 2160 டாலர், அதிலும் வரி போகும். விமானம், ஓட்டல், சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டுவது எல்லாம் சொந்தச் செலவு. துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷாம் எல் ஷேக், துருக்கியின் அண்டாலியா போன்ற ஊர்களில் கடற்கரை ஓட்டல்களை ஒட்டிய கோர்ட்டுகளில் இந்தப் போட்டிகள் வாராவாரம் நடந்துகொண்டே இருக்கும். ஊர் மாறாமல் மூன்று நான்கு வாரம் ஒரே இடத்தில் தங்கி ஆடலாம் என்பதுதான் அவற்றின் கவர்ச்சி. கடலைப் பார்த்த ஓட்டல் என்று பொறாமைப்பட வேண்டாம். செவ்வாய்க்கிழமையே தோற்றவருக்கு அடுத்த திங்கள் வரை அங்கே வேலையில்லை, பில் மட்டும் ஏறும்.

எந்த இடத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும்? வாரத்துக்கு வாரம் மாறும், ஆனால் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: 1000-ஆம் இடத்துக்குப் பத்துச் சொச்சம், 500-க்கு எண்பது தொண்ணூறு, 250-க்கு 230-க்கு அருகில், 100-க்கு 600-க்கு மேல். கீழே இருக்கும்போது ஒரே ஒரு நல்ல வாரம் நூற்றுக்கணக்கான இடங்கள் தூக்கிவிடும். மேலே போகப் போக ஒவ்வோர் இடமும் கனக்கும்.

இப்போது அந்தக் கடைசி வரியை எடுங்கள். அதிகபட்சமாகச் சிறந்த 19 முடிவுகள்தான் கணக்கு என்றால், ஒருவர் ஓராண்டில் 19 எம்15 போட்டிகளையும் வென்றாலும், யாரும் அப்படி வென்றதில்லை, வென்றாலும், 19 பெருக்கல் 15, மொத்தம் 285. எல்லாமே எம்25 என்றால்கூட 475. முதல் நூறு எட்டாது. அதாவது கீழ்த்தட்டிலேயே ராஜாவாக இருந்துகொண்டு மேலே வர முடியாதபடிதான் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு கட்டத்தில் கையில் இருக்கும் சின்னப் புள்ளியை விட்டுவிட்டுப் பெரிய போட்டிக்குப் போய்த் தோற்கத் துணிய வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்தத் துணிச்சல் எப்போது வருகிறது என்று பார்ப்பதில்தான் இவர்களைப் பின்தொடரும் சுவாரஸ்யம் முழுக்க இருக்கிறது. 300-ஆம் இடத்தில் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். இந்த வாரம் இரண்டு வழி. ஓர் எம்25 போட்டிக்குப் போனால் முதல் நிலை வீரராக ஆடலாம், ஜெயித்தால் 25 புள்ளி. இல்லையென்றால் சாலஞ்சர் 100 ஒன்றின் தகுதிச்சுற்றுக்குப் போகலாம். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தோற்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டி வரலாம். ஆனால் ஒரு வாரம் எல்லாம் கூடி வந்தால் 100. சிலர் மாதக்கணக்கில் எம்25-களிலேயே சுற்றிச் சுற்றி 250-க்கும் 350-க்கும் நடுவில் நிற்பார்கள். சிலர் அவசரப்பட்டு மேலே போய், நாலு மாதம் முதல் சுற்றிலேயே தோற்று, பழைய புள்ளியெல்லாம் கழிந்து 500-க்குப் போவார்கள். ஆட்டத்தைப் பார்க்காமல் அட்டவணையை மட்டும் பார்த்தே ஒருவரின் மனநிலையை ஓரளவு சொல்லிவிடலாம்.

சரி, மேலே போனால் அப்படி என்ன கிடைக்கிறது? ஓர் ஆட்டக்காரரின் கதையை எடுத்துக்கொள்வோம்.

2023 செப்டம்பரில் சுமித் நாகல் ஒரு பேட்டியில் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோவுக்கும் குறைவாகவே இருக்கிறது என்றார். நம் ஊர்க் கணக்கில் சுமார் 80 ஆயிரம் ரூபாய். ஒரே ஒரு பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆட ஆண்டுக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி வரை ஆகிறது என்றும் சொன்னார். இத்தனைக்கும் அப்போது அவர் இந்தியாவின் முதல் நிலை ஒற்றையர் வீரர். 2019 அமெரிக்க ஓபனில் ஃபெடரரிடமிருந்து முதல் செட்டைப் பறித்தவர். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்து, தரவரிசையில் 500 வரை சரிந்து, 2023-ல் ரோம், தாம்பரே சாலஞ்சர்களை வென்று மீண்டுகொண்டிருந்தார்.

2024 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன். கிராண்ட்ஸ்லாமில் 128 இடங்கள் உண்டு. அதில் 104 பேர் தரவரிசைப்படி நேராக உள்ளே வருவார்கள், 16 பேர் தகுதிச்சுற்று வழியாக, 8 பேர் வைல்டு கார்டில், அதாவது அமைப்பாளர்களின் சிறப்பு அழைப்பில். போட்டி தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பு இருக்கும் தரவரிசைதான் கணக்கு. நாகல் 137-ல் இருந்தார், கோட்டுக்கு வெளியே. மூன்று தகுதிச்சுற்று ஆட்டங்களை வென்று உள்ளே வந்தார். முதல் சுற்றில் அந்தப் போட்டியின் தரநிலைப் பட்டியலில், அதாவது சீடிங்கில், 31-ஆவதாக இருந்த அலெக்சாண்டர் பப்ளிக்கை நேர் செட்களில் சாய்த்தார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை இந்திய ஆண் வெல்வது 1989-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. 1989-ல் அதே போட்டியில் மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தியவர் நம் சென்னை ரமேஷ் கிருஷ்ணன். நாகல் இரண்டாம் சுற்றில் தோற்றார். பரிசு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர், கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய். ஓராண்டுச் செலவு ஒரே வாரத்தில்.

அடுத்த மாதம் சென்னை ஓபன், சாலஞ்சர் 100. பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் லூக்கா நார்டியை 6-1, 6-4 என்று வென்றார். மறுநாள் திங்கட்கிழமைப் பட்டியலில் 121-லிருந்து 98. நூற்றுக்குள் முதல் முறை. அதற்கு முன் 2019-ல் அங்கே இருந்த இந்தியர் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன்.

98-க்கும் 121-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். அந்த ஆண்டின் மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாம்களிலும் நாகல் நேராகப் பிரதான சுற்றில் ஆடினார். மூன்றிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். ஆனால் முதல் சுற்றில் தோற்பவருக்கே பிரெஞ்சு ஓபனில் 73 ஆயிரம் யூரோ, விம்பிள்டனில் 60 ஆயிரம் பவுண்டு, அமெரிக்க ஓபனில் ஒரு லட்சம் டாலர். வரிக்கு முன் கூட்டிப் பார்த்தால் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். மூன்று தோல்விக்கு! 104 என்கிற கோட்டின் விலை அதுதான். அந்த ஆண்டு ஜூலையில் 68 வரை ஏறினார்.

இனிதான் வேலிடிட்டி பிரச்சினை. 2025 ஆஸ்திரேலிய ஓபனில் நேரடி நுழைவு கிடைத்தது, ஆனால் முதல் சுற்றிலேயே தோமாஷ் மகாச்சிடம் தோற்றார். முந்தைய ஆண்டு அதே போட்டியில் தகுதிச்சுற்றுக்கு 30, இரண்டாம் சுற்றுக்கு 50, ஆக 80 புள்ளி. இப்போது அது கழிந்து 10 ஆனது. சில வாரங்களில் சென்னையில் எடுத்த 100-ம் காலாவதி. அந்த ஆண்டில் அவர் நூற்றுக்கு வெளியே போய்விட்டார். திடீரென்று ஆட்டம் மறந்துபோய்விடவில்லை, போன வருடம் நன்றாக ஆடியதன் கெடு முடிந்தது, அவ்வளவுதான். அதனால் ஒருவர் தரவரிசையில் சரியும்போது முதலில் கேட்க வேண்டியது 'இந்த வாரம் என்ன ஆனது' என்பதல்ல, 'போன வருடம் இதே வாரம் என்ன செய்தார்' என்பது.

கோட்டுக்கு வெளியே நிற்பவரின் கதையும் தெரிய வேண்டும். சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2017-ல் அண்டாலியா புல்தரையில் அப்போதைய உலகின் 8-ஆம் நிலை வீரர் டொமினிக் தீமை வென்றார். 2018-ல் நியூபோர்ட் ஏடிபி 250 போட்டியில் இறுதி வரை போனார். ஆறு சாலஞ்சர் இறுதிகளில் தோற்ற பிறகு 2021-ல் மனாமாவில் முதல் பட்டம் கிடைத்தது. அவர் தொட்ட அதிகபட்சத் தரவரிசை 111. கிராண்ட்ஸ்லாம் தகுதிச்சுற்றில் இருபது முறைக்கு மேல் முயன்றும் ஒற்றையர் பிரதான சுற்று வாய்க்கவில்லை. 104-க்கு இன்னும் ஏழு இடம் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை.

இப்போது அந்த என்ட்ரி லிஸ்டுக்குத் திரும்புவோம். அது மூன்று அடுக்காக இருக்கும்: நேரடி நுழைவு, தகுதிச்சுற்று, அதற்கும் கீழே ஆல்டர்னேட், அதாவது காத்திருப்போர். ரயில்வே பாஷையில் கன்ஃபர்ம், ஆர்ஏசி, வெயிட்டிங் லிஸ்ட். மேலே இருப்பவர்கள் விலக விலகப் பட்டியல் நகரும். பெயருக்குப் பக்கத்தில் சில எழுத்துகள் இருக்கும். பிஆர் என்றால் ஆறு மாதமாவது காயத்தால் ஆடாமல் இருந்தவருக்குத் தரும் பாதுகாக்கப்பட்ட தரவரிசை. எல்எல் என்றால் லக்கி லூசர், தகுதிச்சுற்றில் தோற்றும் யாரோ விலகியதால் உள்ளே வந்தவர். எஸ்இ என்பது எனக்குப் பிடித்தது: போன வாரம் வேறு ஊரில் வார இறுதி வரை ஜெயித்துக்கொண்டே இருந்ததால் இந்த வாரத் தகுதிச்சுற்றுக்கு வந்து சேர முடியாதவருக்கு ஒதுக்கும் இடம். நன்றாக ஆடியதற்குத் தண்டனை கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

வெயிட்டிங் லிஸ்டில் இருந்து என்ன செய்துவிட முடியும் என்று நினைப்பவர்களுக்கு 2025 ஷாங்காய் மாஸ்டர்ஸ் போதும். மொனாக்கோவின் வாலண்டின் வஷரோ 204-ஆம் இடத்தில் இருந்தார். பிரதான சுற்றில் இல்லை, தகுதிச்சுற்றிலும் இல்லை, தகுதிச்சுற்றின் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார். சிலர் விலகியதால் இடம் கிடைத்தது. தகுதிச்சுற்றைத் தாண்டினார், அரையிறுதியில் ஜோகோவிச்சைத் தாண்டினார், இறுதியில் சொந்த ஒன்றுவிட்ட சகோதரர் ஆர்தர் ரிண்டர்க்னெஷை வென்றார். அடுத்த திங்கள் அவர் எண் 40. மாஸ்டர்ஸ் 1000 வென்றவர்களில் இத்தனை கீழே இருந்து வந்தவர் வேறு யாருமில்லை. இது லாட்டரி மாதிரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீட்டு வாங்க அந்தப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அதற்கு 204 என்ற எண் வேண்டும்.

பணம் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஐடிஎஃப் 2013-ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வில், வரவும் செலவும் சரிக்குச் சரியாகும் இடம் ஆண்களில் 336, பெண்களில் 253 என்று வந்தது. அதிலும் பயிற்சியாளர் செலவு சேர்க்கப்படவில்லை. 2024-ல் ஏடிபி குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் ஒன்றைத் தொடங்கியது. அந்த ஆண்டின் கணக்கு இது: முதல் 100 பேருக்கு 3 லட்சம் டாலர், 175 வரை ஒன்றரை லட்சம், 250 வரை 75 ஆயிரம். அதாவது 250 என்பதும் இப்போது ஒரு கோடு. அங்கேதான் கிராண்ட்ஸ்லாம் தகுதிச்சுற்றின் எல்லையும் ஏறத்தாழ வருகிறது. 251-ல் இருப்பவரிடம் போய் 'ஒரு இடம்தானே' என்று சொல்லாதீர்கள்.

புள்ளி எவ்வளவு உயிர் என்பதற்கு இன்னொன்று. 2019 தொடக்கத்தில் கீழ்மட்டப் போட்டிகளிலிருந்து ஏடிபி, டபிள்யூடிஏ புள்ளிகளை எடுத்துவிட்டு ஐடிஎஃபுக்குத் தனித் தரவரிசை கொண்டுவந்தார்கள். நூற்றுக்கணக்கானோரின் பெயர் உலகப் பட்டியலில் இருந்தே மறைந்தது. பெரிய கூச்சல் எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

எப்படிப் பின்தொடர்வது? 150-க்கும் 400-க்கும் நடுவில் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரைப் பிடித்தால் யாருமே மனதில் ஒட்ட மாட்டார்கள். நம் ஊர்க்காரராக இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. சாலஞ்சர் ஆட்டங்களை ஏடிபி தளத்திலேயே நேரலையாகப் பார்க்கலாம். ஒற்றைக் கேமரா, சில நேரம் வர்ணனையும் இருக்காது, பின்னால் பக்கத்துக் கோர்ட்டின் சத்தம் கேட்கும். ஐடிஎஃப் ஆட்டங்களில் பல நாள் ஸ்கோர் மட்டும்தான். நாற்காலியில் இருக்கும் நடுவர் ஒவ்வொரு புள்ளிக்கும் கையில் உள்ள கருவியில் தட்டுவார், அது உங்கள் திரைக்கு வரும். '30-40' என்று ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் மழையா, காயமா, சிக்னல் போய்விட்டதா என்று குழம்ப வேண்டியதுதான். இந்த ஸ்கோர்களைச் சூதாட்டக்காரர்களும் பார்க்கிறார்கள். காசு விட்டவர்கள் தோற்ற ஆட்டக்காரரின் சமூக ஊடகப் பக்கத்தில் போய்க் கொட்டும் வசவுகளைப் படிக்காமல் இருப்பது உத்தமம்.

லைவ் ரேங்கிங் காட்டும் தளங்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஐடிஎஃப் போட்டிகளின் புள்ளி உடனே ஏறாது, ஒரு வாரம் தள்ளித்தான் ஏறும். ஞாயிறு கோப்பை வாங்கியவர் மறுநாள் பட்டியலில் அதே இடத்தில் இருப்பதைப் பார்த்து நான் முதல் முறை ஏமாந்தேன், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றே நினைத்தேன்.

நான் பின்தொடரும் ஆள் 600-களில் இருக்கிறார், நானே சொன்ன அறிவுரையை மீறி. போன வருடம் இதே வாரம் ஓர் எம்25 இறுதிக்கு வந்து 16 புள்ளி எடுத்தார், அது இப்போது கழியப் போகிறது. இந்த வாரம் மொனாஸ்டிரில் எம்15 ஆடுகிறார். நேற்றுக் காலிறுதிக்கு வந்துவிட்டார், ஆக 2 புள்ளி கையில். இன்னும் மூன்று ஆட்டம் ஜெயித்துப் பட்டமே வாங்கினாலும் 15தான். ஒன்று குறையும்.